ஓடைக்கொல்லைக்குப் படம் இல்லை

1915 நவம்பரில், அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில், மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் உட்கார்ந்து ஒருவர் கண்ணாடித் தகடுகளை உடைத்துக்கொண்டிருந்தார். பெயர் பிராங்க் ஹர்லி. ஷாக்கில்டன் குழுவின் புகைப்படக்காரர். அவர்கள் வந்த எண்டூரன்ஸ் கப்பலைப் பனி நெரித்து நொறுக்கியிருந்தது. ஹர்லி அந்த உடைசலுக்குள் இறங்கி, கூழ்போல் கிடந்த பனித்தண்ணீரில் மூழ்கித் தேடி, தான் எடுத்த படங்களின் நெகட்டிவ் தகடுகளை மீட்டு வந்திருந்தார். ஆனால் அத்தனையையும் சுமந்துகொண்டு போக முடியாது. ஷாக்கில்டனும் அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். 120 தகடுகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400 தகடுகளை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். உடைக்காமல் விட்டால் மனசு மாறித் திரும்பிவந்து எடுக்கத் தோன்றும், அதற்காக.

மிஞ்சிய படங்களில் சிலவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துருவ இரவில் வெளிச்சம் பாய்ச்சி எடுத்த, கயிறெல்லாம் உறைபனி பூத்த கப்பல். பாய்மரம் ஒடிந்து கிடக்க, எட்ட நின்று பார்க்கும் நாய்கள். 1915 நவம்பர் 21ஆம் தேதி எண்டூரன்ஸ் மூழ்கியது. 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்து மறுபடியும் படம் எடுத்தார்கள்.

நான் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் இருக்கிறேன். டிசம்பரில் மாலை மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், குழாயைத் திறந்தால் வெந்நீர், தமிழ்க் கடையில் சின்ன வெங்காயம்கூடக் கிடைக்கிறது. அந்த இருட்டில் உட்கார்ந்து மூழ்கிய கப்பல்களின் படங்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அரியலூர்க்காரனுக்கு இதில் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். பொறாமைதான், வேறென்ன. அவர்கள் இழந்ததற்குப் படம் இருக்கிறது.

அந்தப் படங்களில் ஒரு கப்பல் எனக்குக் கொஞ்சம் உறவு. பெயரே அண்டார்டிக். 1901 அக்டோபரில் இதே கோத்தன்பர்க் துறைமுகத்திலிருந்து ஓட்டோ நோர்டென்ஷோல்ட் என்ற புவியியலாளரைத் தலைவராகக் கொண்டு புறப்பட்டது. ஸ்னோ ஹில் என்ற தீவில் அவரையும் ஐந்து பேரையும் இறக்கிவிட்டு, அடுத்த கோடையில் திரும்ப அழைத்துப்போக வந்தபோது பனியில் சிக்கிக்கொண்டது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி மூழ்கியது. கேப்டன் லார்சனும் அவருடைய ஆட்களும் பனிமேல் நடந்து பாலெட் தீவுக்குப் போய், கல்லை அடுக்கிக் குடிசை கட்டி, பெங்குவினைத் தின்று ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். மாலுமிகளில் ஓர் இளைஞன் அங்கேயே இறந்துபோனான். கப்பலிலிருந்து முன்னமே இறங்கிய மூன்று பேர் ஹோப் விரிகுடாவில் தனியாக மாட்டிக்கொண்டார்கள். கொழுப்பை எரித்த புகையில் அவர்கள் முகம் எவ்வளவு கறுத்துப் போயிருந்தது என்றால், கடைசியில் நேருக்கு நேர் வந்தபோது நோர்டென்ஷோல்டுக்குத் தன் கூட்டாளிகளையே அடையாளம் தெரியவில்லை. அந்த நவம்பரில் அர்ஜென்டினாவின் உருகுவே என்ற கப்பல் தேடிவந்து எல்லாரையும் மீட்டது.

உறவு எங்கே என்றால், ஸ்னோ ஹில் தீவில் அவர்கள் பொறுக்கிய கற்களில். சுருள் சுருளாக, ஆட்டுக்கிடாவின் கொம்பு போல இருக்கும் அம்மோனைட் என்ற கடலுயிரின் புதைபடிவங்கள் அவை. பிரான்ஸ் காஸ்மட் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1890களில் தென்னிந்தியாவின் புதைபடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அவர் பெயரால் ஓர் அம்மோனைட் பேரினத்துக்குக் காஸ்மட்டிசெராஸ் என்று பெயர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அண்டார்டிகா ஓரத்துத் தீவுகளிலும் கிடைத்தன, அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஓடைகளிலும் கிடைத்தன. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தனியாகப் பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் பக்கத்துக் கல்லங்குறிச்சியிலும் கடல்தான், ஸ்னோ ஹில்லிலும் கடல்தான். அந்த மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தேடியதன் பங்காளி எங்கள் வீட்டில் கோழிப் பஞ்சாரத்தின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் அதை நத்தைக்கல் என்போம். ஓடைக்கொல்லையில் கிடைத்தது. அது எங்களுடைய மானாவாரி நிலம். ஒரு வருஷம் கடலை, ஒரு வருஷம் பருத்தி, மழை தப்பிப்போனால் ஒன்றும் இல்லை. கிழக்கே ஓடை, மேற்கே வேலிக்காத்தான், நடுவில் ஒற்றை வேம்பு. அவ்வளவுதான் கொல்லை. யாரும் கேமராவை எடுத்துக்கொண்டு வரும்படியாக அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு சத்தம் இருந்தது. அப்பா உழும்போது கொழுமுனை மண்ணுக்குள் ஒரு கிளிஞ்சல்கல்லில் போய் இடிக்கும். ணங். மாடுகள் தாமாகவே நிற்கும். அப்பா குனிந்து கல்லை எடுத்து, பார்க்காமலே வரப்புப் பக்கம் எறிவார், அது முன்பே கிடக்கும் கற்குவியலில் விழும், அதற்கு வேறொரு சத்தம், கொஞ்சம் மொட்டையாக, பிறகு நாக்கைச் சொடுக்கி மாட்டை ஓட்டுவார், சலங்கை மறுபடி தொடங்கும். இந்த நான்கு சத்தமும் இதே வரிசையில். அதில் முதல் சத்தத்தைத்தான் பல இடங்களில் தேடியிருக்கிறேன். டிராம் தண்டவாளத்தில் ஒருநாள் அதே மாதிரி ஒன்று கேட்டது. நின்றேன். அடுத்தது வரவில்லை.

ஒரு வேலையும் இருந்தது. முதல் மழைக்குப் புழுதி உழவு முடிந்ததும், விதைப்புக்கு முன், பிள்ளைகள் நாங்கள் கூடையோடு இறங்கிக் கல் பொறுக்க வேண்டும். கனமான சிப்பிகள், விரல் மாதிரிக் கூரான கற்கள், எப்போதாவது ஒரு முழு நத்தைக்கல். அந்த வருஷத்துக் கல்லைப் பொறுக்கி முடித்தால் அடுத்த வருஷம் புதிதாக முளைத்திருக்கும். முதுகு வலிக்கும், சலித்துக்கொள்வோம், எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.

முடிந்துவிட்டது.

அப்புறம் அப்பாயியின் குரல். பொழுது சாயும்போது வாசலில் நின்று கோழிகளைக் கூப்பிடும். "பா… பா… பா…" என்று, கடைசி இழுப்பு எங்கள் கொல்லை வரைக்கும் கேட்கும். கோழிக்கா எங்களுக்கா என்று தெரியாது, கேட்டதும் எல்லாரும் வீட்டுக்கு வருவோம். கோழியை அடைத்து, பஞ்சாரத்தின் மேல் நத்தைக்கல்லைத் தூக்கி வைத்தால் அன்றைய நாள் முடிந்தது. பிறகுதான் கதை. 1956 நவம்பர் மழையில் மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்த கதையை அப்பாயி எத்தனை தரம் சொல்லியிருக்கும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன விபத்து. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்காகப் பதவியை விட்டார். மந்திரி கதை அப்பாயிக்குத் தெரியாது. "வெடியக்காலம், இருட்டு பிரியல, தண்ணி கருப்பா வருது, ரயிலு எறங்கிப்போச்சு" என்று அது சொல்லும்போது, "எறங்கிப்போச்சு" என்பதில் குரல் நிஜமாகவே இறங்கும். கூடத்தில் யாரும் பேச மாட்டார்கள். அந்த இறக்கத்தை நான் என் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். வரவில்லை. கதை வந்தது, குரல் வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குரல் இருந்திருக்கும், நீங்களும் செய்து பார்த்திருப்பீர்கள், உங்களுக்கும் வந்திருக்காது.

நிலத்தை ஒரு சிமென்ட் ஆலைக்குக் கொடுத்தோம். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கொடுத்த பிறகு நடுவில் ஒரு கொல்லையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்பா கையெழுத்துப் போட்டார், டவுனில் வீடு வாங்கினார், அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் என்னைப் படிக்க வைத்தது. யாரைக் குறை சொல்ல. எங்கள் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் சிப்பிகளால் ஆனது. அதைத்தான் வெட்டி, அரைத்து, சுட்டு, மூட்டையாக்குகிறார்கள். தமிழ்நாட்டில் எந்த அடுக்குமாடி வீட்டின் சுவரிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம். எங்கள் ஓடைக்கொல்லையும்.

ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது தம்பி வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். மைன்ஸ் சாலையில் டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக. செடி, சுவர், கோயில் மரம் எல்லாவற்றின் மேலும் வெளுத்த தூசு. கொல்லை இருந்த இடம் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். வேம்பு எந்த உயரத்தில் நின்றிருக்கும் என்று இரண்டு பேரும் காற்றில் கைகாட்டிக்கொண்டிருந்தோம். தேநீர்க் கடையில் அப்பாவோடு ஏர் ஓட்டியவர் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தம்பி அப்பா பெயரைச் சொன்ன பிறகு, "ஓ, ஓடைக்கொல்லையா" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் தேடினோம். கல்யாணப் படங்கள் இருக்கின்றன, ஸ்டுடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன் நின்றவை. ராமநவமியை ஒட்டிக் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் திருவிழாவுக்குப் போனபோது எடுத்த ஒரு படம். கொல்லைக்குப் படம் இல்லை. அப்பாயியின் குரல் எந்தக் கேசட்டிலும் இல்லை. செயற்கைக்கோள் வரைபடத்தில் எந்த நேரமும் எங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், ஓர் அங்குலத்துக்கு வெள்ளைப் பள்ளம் தெரியும். அதற்கு முந்தையது தெரியாது.

1897இல் ஆந்த்ரே என்ற ஸ்வீடன்காரர் இரண்டு பேரோடு வடதுருவத்துக்குப் பலூனில் கிளம்பிக் காணாமல்போனார். 33 ஆண்டுகள் கழித்து ஒரு தீவில் அவர்களுடைய உடல்கள் கிடைத்தன, கூடவே கேமரா பிலிமும். அதைக் கழுவியபோது 93 படங்கள் தேறின. பனி அதை வைத்திருந்தது. எங்கள் மண்ணும் ஏழு கோடி வருஷத்து நத்தையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்த மண்தான். ஒரு வரப்பை வைத்திருக்க அதற்குத் தெரியாதா? ஆனால் மண்ணே இல்லையே.

எங்கள் பக்கத்தில் பெரியவற்றுக்கே இந்தக் கதிதான். 1980களில் கல்லமேட்டில் ஒரு பிரம்மாண்டமான டைனோசரின் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு அறிஞர்கள் பதிவு செய்தார்கள். பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். உலகத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் பொடிந்து போயின. இன்று இருப்பவை சில ஓவியங்களும் சில படங்களும்தான். எங்கள் அம்மோனைட்டுகளை 1860களில் ஒவ்வொன்றாக விவரித்து, வரைபடத்தோடு வெளியிட்ட பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் பனிமேட்டில் இறந்தார். லே நகரத்தில் அவருக்கு நினைவுத்தூண் நிற்கிறது. துருவக் குளிர்காலங்களைத் தாண்டிவந்த நோர்டென்ஷோல்டோ 1928இல் நான் இருக்கும் இந்தக் கோத்தன்பர்க் தெருவில் பஸ் மோதி இறந்தார். பிழைத்து வந்தவர்கள் எதிலிருந்துதான் பிழைக்கிறார்கள்.

அந்தத் துருவப் படங்களை நெடுநேரம் பார்த்தால் பொறாமையும் தேய்ந்துவிடுகிறது. ஹர்லியின் தகட்டில் கப்பல் இருக்கிறது. பலகைகளைப் பனி நெரிக்கும் சத்தம் அதில் இல்லை. அண்டார்டிக்கில் வந்தவர்கள் கிழவர்களான பிறகும் அந்தச் சத்தத்தை யாரிடமாவது செய்து காட்டியிருப்பார்கள். வந்திருக்காது.

நத்தைக்கல் மட்டும் தம்பியிடம் இருக்கிறது. கோழி இல்லை, பஞ்சாரம் இல்லை, மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஊரை விட்டுப் போகாதது எங்கள் குடும்பத்தில் அது ஒன்றாவது இருக்கட்டும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொடுத்துவிடு, எடுத்த இடம் என்று கேட்டால் ஓடைக்கொல்லை என்று எழுதச் சொல், என்றேன். அந்தப் பெயர் எங்காவது எழுத்தில் இருக்கும்.

போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தம்பி சொன்னான்: "எழுதச் சொல்றேண்ணே. ஆனா சர்வே நம்பர் கேட்டா என்ன சொல்ல? அது இப்ப அவங்க பேர்ல இருக்கு."