நிறையாத தொட்டி

ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். அடியில் இருக்கும் ஓட்டை, நிறைந்த தொட்டியை 10 மணி நேரத்தில் காலி செய்யும். குழாயைத் திறந்துவிட்டு, ஓட்டையை அடைக்காமல் விட்டால் தொட்டி எப்போது நிறையும்?

ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பேனாவைத் தொடாமலே சொல்லிவிடுவார்கள். ஆறில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றைக் கழித்தால் பதினைந்தில் ஒன்று. ஆகவே 15 மணி நேரம். அந்தத் தேர்வின் கணிதப் பகுதியில் 47 நிமிடத்துக்குள் 27 கணக்கு போட வேண்டும். தொட்டியில் ஓட்டை எதற்கு என்று கேட்கிறவன் அடுத்த இரண்டு கணக்கைத் தவறவிடுவான். வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து மேற்படிப்பு ஆசை வந்து பயிற்சி வகுப்பில் சேர்ந்த நானும் கேட்காமல்தான் இருந்தேன்.

கேட்க வைத்தவர் எங்கள் பயிற்சியாளர். "இதெல்லாம் வேத கணிதம் சார். நம்மகிட்ட இருந்து எடுத்துட்டுப் போய் நமக்கே டாலர்ல விக்கிறான்" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கோ எந்த வேதம், எந்தப் பக்கம் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அன்று இரவு பயிற்சிக் கணக்குகளை மூடி வைத்துவிட்டு இதைத் தேட உட்கார்ந்தேன். படிக்காமல் இருக்க இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது.

வேத கணிதம் என்று நாம் சொல்வது 1965இல் வெளிவந்த நூல். எழுதியவர் பாரதி கிருஷ்ண தீர்த்தர். 1960இல் அவர் மறைந்த பிறகு அச்சேறியது. அதிலுள்ள பதினாறு சூத்திரங்கள் அதர்வ வேதத்தின் பரிசிஷ்டத்தில் வருபவை என்பார்கள். ஆனால் நமக்குத் தெரிந்த பரிசிஷ்டங்களில் அவை இல்லை என்று பதிப்பாசிரியர் வாசுதேவ சரண் அகர்வாலாவே முன்னுரையில் எழுதிவிட்டார். அந்தப் பக்கம் அதற்கு மேல் போகவில்லை.

லீலாவதியில் தண்ணீர் கிடைத்தது. பாஸ்கரர் 1150இல் எழுதியது. நான்கு ஊற்றுகள் ஒரு குளத்தைத் தனித்தனியே நிரப்ப முறையே ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாள் எடுக்கும். நான்கையும் ஒன்றாகத் திறந்தால்? ஒரு நாளில் அவை 1, 2, 3, 6 குளங்களை நிரப்பும், கூட்டினால் 12. ஆகவே ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பயிற்சியாளருக்குப் பாதி மதிப்பெண் போடலாமோ என்று தோன்றியது. ஆனால் கிரேக்கத் தொகைநூலின் பதினான்காம் பகுதி, மெட்ரோடோரஸ் திரட்டியதாகச் சொல்லப்படுவது, லீலாவதிக்குப் பல நூற்றாண்டு மூத்தது. அங்கே ஒரு வெண்கலச் சிங்கம் நிற்கிறது. அதன் வலக்கண் 2 நாளிலும் இடக்கண் 3 நாளிலும் பாதம் 4 நாளிலும் வாய் 6 மணி நேரத்திலும் ஒரு சாடியை நிரப்பும். அதற்கும் முந்தியது சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’. கிபி 263இல் லியூ ஹுய் அதற்கு உரை எழுதியபோதே அது பழைய நூல். அதில் ஒரு குளம், ஐந்து வாய்க்கால்கள். விடை ஒரு நாளில் எழுபத்து நான்கில் பதினைந்து பங்கு. பாஸ்கரர் எண்களை அழகாக வகுபடும்படி வைத்தார். சீனத்துக் கணக்கருக்கு அந்தக் கருணை இல்லை.

இத்தோடு ஒரு கட்டுரைக்குப் போதும் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன்.

எங்கள் பெரியப்பா சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடை திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அறுப்பில் நெல்லாகக் கூலி வாங்கியவர். இந்த மாதிரிக் கணக்கு ஏதாவது ஊரில் வழங்கியதா என்று அவரிடம் கேட்கப் போனேன். கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் கையை ஆட்டினார்.

"ஓட்டை பத்து மணி நேரத்துல காலி பண்ணும்னா, எப்பவும் ஒரே சீராவா ஓடும்?"

"அப்படி வச்சுக்கங்க பெரியப்பா."

"எப்படி வச்சுக்கிறது? கண்மா நெறஞ்சு கெடக்கையில மடையில தண்ணி அடிக்கிற அடி வேற. எறங்க எறங்க சோந்து போகும். கடைசியில வாய்க்கா நனையுறதே பெரிசு."

"இது கண்மாய் இல்ல, சின்னத் தொட்டி. ஒரு கணக்குக்குத்தான்."

"தொட்டி நேராவா இருக்கு, அடியில ஒடுங்கி இருக்கா?"

"நேரா இருக்கு."

"ஓட்டை பக்கத்துலயா, அடியிலயா?"

"அடியில."

அவர் விடுவதாக இல்லை. குழாய் மேலிருந்து விழுகிறதா, தண்ணீருக்குள்ளேயே விடுகிறதா என்றார். கண்மாய் மேலே அகலம், அடியில் ஒடுக்கம். அதனால் மேல் ஒரு அடி இறங்க நாளாகும், அடித்தண்ணீர் மடை சோர்ந்த பிறகும் கண்ணெதிரே இறங்கும் என்று தன் போக்கில் விளக்கினார். பெரியம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. நான் கழித்தல் கணக்கைச் சொல்லி, பதினைந்து மணி நேரம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது நெறயாதுய்யா."

பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வேட்டி மடிப்பிலிருந்து வெற்றிலையை எடுத்தபடி அவர் அதைச் சொன்ன நிதானம் என்னை விடவில்லை. சென்னைக்குத் திரும்பும் பேருந்திலேயே போட்டுப் பார்த்தேன்.

கலிலியோவின் சீடர் டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதி ஒன்று உண்டு. ஓட்டையிலிருந்து தண்ணீர் பாயும் வேகம், அதற்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரத்தினுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பெரியப்பாவின் ‘சோந்து போகும்’ என்பதை எண்ணாக்கினால் இதுதான். நேரான சுவருள்ள தொட்டி 10 மணி நேரத்தில் காலியாகும் என்றால் முதல் பாதி 3 மணி நேரத்துக்குள் போய்விடும்; மீதிப் பாதிக்குத்தான் 7 மணி நேரத்துக்கு மேல். ஆரம்ப வேகத்திலேயே ஓடியிருந்தால் முழுத் தொட்டியும் 5 மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். அதாவது, தொட்டி நிறையும் தறுவாயில் ஓட்டை மணிக்கு ஐந்தில் ஒரு பங்கை வெளியேற்றும். குழாய் கொடுப்பதோ ஆறில் ஒரு பங்கு.

வரவைவிடச் செலவு கூடுதல். தண்ணீர் ஓர் உயரம் வரை ஏறும், அதற்கு மேல் ஏறாது. அந்த உயரம் முப்பத்தாறில் இருபத்தைந்து பங்கு, நூற்றுக்கு எழுபதுக்குச் சற்றுக் குறைவு. பதினைந்து மணி நேரமல்ல, பதினைந்து வருடம் ஓடினாலும் தொட்டி நிறையாது. எத்தனையோ பயிற்சி நூல்களின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஒரு விடையை, எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடி அடித்துவிட்டார்.

அதன்பிறகு என் தேடல் திசை மாறியது. இந்தக் கணக்கு எந்த நாட்டுடையது என்பதில் சுவாரஸ்யம் போய்விட்டது. இது தண்ணீரைப் பற்றியதுதானா என்பதே கேள்வியானது. பழைய மூன்று கணக்குகளையும் திரும்பப் பார்த்தேன். ஊற்று, சிங்கம், வாய்க்கால் எல்லாம் நிரப்புகிறவைதான். நான் பார்த்த அந்த மூன்றிலும் ஓட்டை கிடையாது. 1202இல் பிசா நகரத்து ஃபிபொனாச்சி எழுதிய நூலில் தண்ணீரே இல்லாமல் இதே கணக்கு வருகிறது. ஓர் ஆட்டைச் சிங்கம் 4 மணி நேரத்திலும் சிறுத்தை 5 மணி நேரத்திலும் கரடி 6 மணி நேரத்திலும் தின்னும். மூன்றும் சேர்ந்து தின்றால்? முப்பத்தேழில் அறுபது மணி நேரம், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சிங்கம் பங்கு கொடுக்குமா என்று ஃபிபொனாச்சி கவலைப்படவில்லை.

சீன நூலில் அந்தக் குளத்தின் அக்கம்பக்கத்தைப் பார்க்கத் தோன்றியது அப்போதுதான். அது வரும் ஆறாம் அத்தியாயம் நீர்ப்பாசனம் பற்றியது அல்ல. எந்த ஊர் எவ்வளவு வரித் தானியம் சுமக்க வேண்டும், அதற்கு எத்தனை ஆள், எத்தனை வண்டி என்று நியாயமாகப் பிரித்துக் கொடுக்கும் கணக்குகள் அவை. ஐந்து வாய்க்காலுக்குச் சற்று முன்னால் அம்புகள் இருக்கின்றன. ஒருவர் ஒரு நாளில் 50 அம்புகளை நிமிர்த்துவார்; அல்லது 30 அம்புகளுக்கு இறகு வைப்பார்; அல்லது 15 அம்புகளுக்கு நாண்பிடி வெட்டுவார். மூன்றையும் ஒருவரே செய்தால் நாளுக்கு எத்தனை அம்பு? எட்டும் மூன்றில் ஒன்றும்.

போடும் முறை குளத்துக்கும் அம்புக்கும் ஒன்றுதான். இந்தப் பக்கங்களில் வாய்க்காலும் கூலியாளும் ஒரே சாதி. ஓர் ஆளின் ஒரு நாளிலிருந்து அதிகாரி எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதே கேள்வி. வாய்க்கால் அதில் இன்னோர் ஆள், களைக்காத ஆள். ஜிஆர்இ தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் கணிதக் கையேட்டிலும் இந்த வகைக்கு எடுத்துக்காட்டாக வருவது தொட்டி அல்ல, கணினி உதிரிப்பாகம் செய்யும் இரண்டு இயந்திரங்கள்: ஒன்று 3 மணி நேரம், மற்றது 2 மணி நேரம், சேர்ந்தால் 1 மணி 12 நிமிடம். மாறாத வேகத்தில் என்ற நிபந்தனையையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். பெரியப்பா மாதிரி ஆட்களை அவர்கள் சந்தித்திருக்க வேண்டும்.

தொட்டி நிறையாது என்பதைத் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அதத்தான அன்னைக்கே சொன்னேன்" என்றார். ஓட்டையை விட்டுவிட்டு அம்புக் கணக்கைச் சொன்னேன். மறுமுனையில் வெற்றிலை மெல்லும் சத்தம்.

"காலையில நிமித்துற கை, சாயங்காலம் அதே வேகத்துல எறகு வைக்குமாக்கும்?"

"வைக்கும்னு வச்சுக்கங்க பெரியப்பா."

"சரி, வச்சுக்கிட்டேன். எட்டு அம்பு முடிச்சான், ஒம்பதாவது மூணுல ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. அன்னைக்குக் கூலி எட்டுக்கா, ஒம்பதுக்கா?"

அந்தக் கணக்கில் கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றேன்.

"அப்ப எழுதுனவன் கூலி குடுக்குறவன்" என்றார்.