கடற்கரையில் நின்ற செஞ்சித் தூண்கள்

கடல் கடவாமலே வெளிநாடு சென்று மீளுதல் இயலுமோ? என் தந்தையார் காலத்தில் எங்கள் ஊரினர்க்கு அஃது இயன்றது. செஞ்சி வட்டாரத்தைச் சார்ந்த தளவானூரே எம் ஊர். அங்கிருந்து விடியலில் புறப்பட்டோர், பகற்பொழுதிலேயே பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியை அடைந்துவிடுவர். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அந்நகரின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாளில் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. ஆட்சி மாறுவதற்கு முந்தைய ஆண்டுகளில், எல்லையில் சுங்கக் காவலர் வழிப்போக்கரின் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது வழக்கம். ஒருமுறை அந்நகருக்குச் சென்று வந்த என் தந்தையார், கடலைப் பற்றிக் கூறியதினும் சுங்கச்சாவடியைப் பற்றிக் கூறியதே மிகுதி.

அண்மையில் ஒரு சனிக்கிழமையன்று, யானும் நண்பர் இருவரும் அந்நகருக்குப் புறப்பட்டோம். ஒருவர் வரலாற்றாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மற்றவர் உளி பிடித்துக் கை காய்த்த கற்றச்சர். இரண்டு நாள் கவலையின்றிக் காற்று வாங்குவதன்றி வேறு நோக்கம் எங்கட்கு இல்லை. விழுப்புரத்தில் பேருந்து மாறினோம். மதகடிப்பட்டில் புதுச்சேரி எல்லை வந்தது. கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாடு. வில்லியனூரை அடையுமுன் மறுபடியும் புதுச்சேரி. இத்தனை முறை நாடு கடந்தும் எங்கள் மூட்டையை அவிழ்ப்பார் ஒருவரும் இலர்!

நகரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலை அடுத்துள்ளது பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி; மேற்கே தமிழர் பகுதி. 1908 முதல் 1918 வரை பாரதியாருக்கு அடைக்கலம் தந்த ஊர் இது. எனினும், தமிழ்ப் புலவனாகிய என் மனம் முதலில் நாடியது ஆனந்தரங்கப் பிள்ளையையே. ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாசியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். அந்நடையில் இலக்கண வழுக்கள் மலிந்து கிடக்கும். இளமையில் அதைப் படித்தபோது முகஞ்சுளித்தேன். இன்றோ, திருத்தமான நடையில் எழுதப்பெற்ற பல நூல்களைவிட அதனையே விரும்பிப் படிக்கிறேன். கண்டதையும் கேட்டதையும் அவ்வளவு அருகிலிருந்து எழுதிவைத்த தமிழர் அக்காலத்தில் மிகச் சிலரே.

மாலையில் கடற்கரைச் சாலையை அடைந்தோம். அந்நேரத்தில் அங்கே ஊர்திகளை விடுவதில்லை. முதியோர் உலாவினர், சிறுவர் ஓடியாடினர். அலைகள் கருங்கற் குவியலில் மோதிச் சிதறின. காந்தியடிகளின் சிலையருகே சென்றதும் கற்றச்சர் நின்றுவிட்டார். சிலையைச் சூழ்ந்து எட்டுக் கற்றூண்கள் நெடிதுயர்ந்து நின்றன. அவற்றுள் ஒன்றைத் தடவிப் பார்த்து, "இது நம் பக்கத்து வேலை அல்லவா?" என்றார்.

அவர் கூறியது மெய்யே. அத்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பர். 1750ஆம் ஆண்டு செப்டம்பரில், புஸ்ஸி என்னும் தளபதி செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்க்காகக் கைப்பற்றினான். 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கொள்ளும் வரை கோட்டை அவர்கள் வசமே இருந்தது. அரசகிரியின் அடிவாரத்திலுள்ள வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பல இவ்வாறு புதுச்சேரிக்குப் போயின. மலையும் மதிலும் இருந்த இடத்திலேயே இருக்க, தூண்கள் மட்டும் கடல் காணச் சென்றன.

அங்கே எங்களுக்குள் வழக்கு மூண்டது. "2025ஆம் ஆண்டில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்றுவிட்டது. இனியேனும் தூண்கள் தம் கோயிலுக்குத் திரும்புதல் வேண்டும்" என்றார் வரலாற்றாசிரியர். கற்றச்சர் தலையசைத்து, "ஐயா, ஒற்றைக் கல்லில் அடித்த தூண் இது. பெயர்த்து ஏற்றி இறக்கினால் எது முறியும் என்று எவரும் சொல்ல இயலாது. நின்ற இடத்தில் நிற்கட்டும்" என்றார்.

எனக்கோ எங்கள் தளவானூர்க் குன்று நினைவில் எழுந்தது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே ஒரு குடைவரைக் கோயில் அமைத்தான். குன்றோடு ஒன்றாய் இருத்தலின் அதனை எவரும் கொண்டு செல்ல இயலாது. அதனைச் செய்வித்தவன் பெயரும் அங்குள்ள கல்வெட்டில் நிற்கிறது. இத்தூண்களுக்கோ அவ்விரண்டு பேறும் இல்லை. எம்மூர்ச் சிற்பியர் செதுக்கியவை இவை என்று சொல்லும் எழுத்து எதுவும் அன்று எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை. "திரும்பி வாராவிடினும் போகட்டும், பிறந்த ஊரின் பெயரையேனும் இங்கே ஒரு பலகையில் பொறித்தல் வேண்டும்" என்றேன்.

"அப்படியாயின், புலவரே, அவ்வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள்" என்றனர் இருவரும்.

படியில் அமர்ந்து எழுதத் தொடங்கினேன். 'செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட தூண்கள்' என்று எழுதினேன். "கொண்டுவருதல் கூலியாளின் செயல்; கவர்ந்து வரப்பட்டவை என்று எழுதுங்கள்" என்றார் வரலாற்றாசிரியர். 'பெயர்த்தெடுக்கப்பட்ட' என்று திருத்தினேன்; அதுவும் அவருக்கு உடன்பாடன்று. கற்றச்சரோ, "எடுத்தவனைப் பற்றியே இவ்வளவு பேசுகிறீர்கள், செதுக்கியவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே!" என்றார். அதனையும் சேர்க்க, வாக்கியம் நீண்டு பலகையில் அடங்காததாயிற்று. கடற்கரையில் கூட்டம் குறைந்துவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த வினைச்சொல்லைப் பற்றிய வழக்கு மறுநாட் பேருந்திலும் தொடர்ந்தது; கண்டமங்கலம் கடந்தும் ஓயவில்லை.