இருட்டும் ஒரு திரைதான்

சகோதரிகளே! வீட்டு வாசலில் கெமரா பொருத்துவது இன்று நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. வீட்டையும் பொருளையும் பாதுகாப்பது நம் பொறுப்பு, அதில் தவறில்லை. எங்கள் வீட்டிலும் பொருத்தினோம்.

இரவில் கெமரா பார்ப்பதற்கென வெளியே ஒரு விளக்கு வைக்கிறார்கள். அதிலிருந்து வருவது நம் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். 850 நனோமீற்றர் விளக்கு மங்கிய சிவப்புப் பொட்டாகத் தெரியும். 940 வகையில் அதுவும் தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு.

பொழுது பட்டதும் அவ்விளக்கை எரியச் செய்வது ஒளி சென்சர் என்னும் சிறு கருவி. அதை வீதி விளக்குக்கு எதிரே வைத்தால், இரவையும் பகலாகக் கொண்டு விளக்கை எரியவிடாது. தன் விளக்கின் கதிரே சுவரில் பட்டு அதன்மேல் திரும்பினால், சில வகைகள் எரிவதும் அணைவதுமாக இருக்கும். ஆகவே சென்சரின் முகம் திறந்த வானத்தைப் பார்க்கட்டும். எவ்வளவு இருட்டில் எரியவேண்டும் என்பதை மஃரிப் வேளையில் திருகிச் சரிசெய்வது இலகு. மின் இணைப்பை மட்டும் வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.

இவ்வேலை நடந்துகொண்டிருக்கும்போதே என் மனைவி கேட்டார்: "பக்கத்து வீட்டு ராத்தா இரவில வுழூச் செய்யக் கிணத்தடிக்கு வாறவ. அதுவும் இதில விழுமா?"

விழும். ராத்தாவுக்கு அது இருட்டு, கெமராவுக்கோ பகல். இருட்டை நம்பி முக்காடின்றி வருபவரின் படம், அவர் அறியாமலே நம் வீட்டில் பதிந்துவிடும்.

'நூர்' என்றால் ஒளி. அந்தப் பெயருடைய அத்தியாயத்தின் 58ஆவது வசனத்தில், ஸுபஹுக்கு முன்பும், ஆடை களையும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் பருவமடையாத பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே வரவேண்டும் என்கிறான் அல்லாஹ். இம்மூன்றில் இரண்டு வேளைகள் இந்த விளக்கு எரியும் வேளைகள். சொந்தப் பிள்ளைக்கே அனுமதி வேண்டிய நேரத்தில், அயலவர் முற்றத்துக்குள் நம் கெமரா அனுமதியின்றிப் போகலாமா?

கெமராவைத் தாழ்த்தி எங்கள் கேற்றை மட்டும் பார்க்கவைத்தோம். ஓரத்தில் எஞ்சிய பகுதியை, படத்தைக் கறுப்பாக மறைக்கும் வசதியால் மூடினோம். பிறகு மனைவி ராத்தாவை அழைத்துத் திரையைக் காட்டினார். தன் கிணற்றடி அதில் இல்லை என்பதைக் கண்டபின்தான் அவருக்கும் எங்களுக்கும் நிம்மதி.

உங்கள் வீட்டிலும் கெமரா உண்டா? இன்றிரவு இஷாவுக்குப் பின் அதன் படத்தை ஒரு தடவை பாருங்கள். அயல் வீட்டின் ஜன்னலோ முற்றமோ தெரிந்தால், விடியும் வரை காத்திராமல் திருப்பிவிடுங்கள்.