பாம்பு அனுப்பின ஊருக்கு ஒரு டிரிப்!

பூந்தமல்லியில பஸ் ஏறி பெங்களூரு ஹைவேயைப் பிடிச்சா, ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். அவரை ஆதிசேஷனோட அவதாரம்னு சொல்றது வைணவ மரபு. இதே ஊர்தான் இன்னொரு குட்டிப் பாம்பையும் ஊர் ஊரா பாக்கெட்ல அனுப்பி வெச்சுது. ஆமாங்க, நோக்கியா 'ஸ்நேக்'!

ஃபின்லாந்து இன்ஜினீயர் டனேலி அர்மன்டோ உருவாக்கின கேம் அது. 1997-ல 6110 மாடல்ல வந்துச்சு. சுவத்துல முட்டினா அவுட்! 2000-ல 3310-ல வந்த 'ஸ்நேக் 2'ல, இந்தப் பக்கச் சுவத்துக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வரலாம். 6110-ல இன்னொரு சூப்பர் விஷயம்... ரெண்டு போனை இன்ஃப்ராரெட்ல இணைச்சு ரெண்டு பேர் மோதலாம். ஆனா, ரெண்டு பேரும் பக்கத்துல உட்காரணும். நட்புக்கு இதைவிட நல்ல கண்டிஷன் உண்டா?

2006 தொடக்கத்துல ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில உற்பத்தி ஆரம்பிச்சுது. கோடிக்கணக்குல போன்கள். அதை அசெம்பிள் பண்ணவங்கள்ல நிறைய பேர், அப்போ உங்க வயசுல இருந்த பொண்ணுங்க. அப்புறம் வரித் தகராறு. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட போன் பிசினஸை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ, இந்த ஆலை அந்த டீல்ல சேரலை. அதே வருஷம் நவம்பர் 1-ல உற்பத்தி நின்னுபோச்சு. 'கேம் ஓவர்'னா திரும்ப ஸ்டார்ட் அமுக்கலாம். வேலை போனா அப்படி முடியாதே!

அதனால, அந்தப் பக்கம் ஐ.வி. போறப்போ யாராவது ஒரு அக்கா, "நான் நோக்கியால இருந்தேன்"னு சொன்னா, "ஏன் மூடிட்டாங்க?"னு முதல்ல கேட்காதீங்க. "ஸ்நேக்ல உங்க ஹை ஸ்கோர் எவ்வளவுக்கா?"னு கேளுங்க. மத்ததை அவங்களே சொல்லுவாங்க.

அங்கிருந்து ஒரகடம். 2010-ல நிஸான் கார், 2012-ல டெய்ம்லர் லாரி, 2013-ல என்ஃபீல்டு பைக்னு வரிசையா ஆலைகள் வந்த ரோடு. டீக்கடை பெஞ்சுல ஒடியா, இந்தி, தமிழ்னு மூணு மொழி ஓடும். உங்களுக்கு இந்தி தெரியாது, அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியாது. கவலையே வேணாம்... 'கான்ட்ரா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க! டிவியில சொருகி விளையாடின அந்த கேசட் காலம் புவனேஸ்வர்லயும் உண்டு, புதுக்கோட்டையிலயும் உண்டு. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ... 30 உயிர்! இதுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

பக்கத்துல வல்லம் வடகால்ல, 2024 ஆகஸ்ட்ல 18,720 பெண்கள் தங்குற பிரமாண்ட விடுதியை சிப்காட் திறந்திருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலைன்னு ஆகிடக்கூடாது இல்லையா? பழைய கேம்ஸுக்கு கிராஃபிக்ஸ் கிடையாது, கதை கிடையாது. தோள் மேல எட்டிப் பார்த்து, "ஏய், வலது... வலது!"னு கத்துறதுக்கு ஒரு ஆள் மட்டும் வேணும்.

அலமாரியில தூங்குற அந்தப் பட்டன் போனை எடுத்து சார்ஜ் போடுங்க. அடுத்த டிரிப்புக்கு அதையும் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு... முதல் சான்ஸ் பக்கத்து சீட்காரருக்கு!