கட்டளை வரியும் கருவிமனையும்

வினை மேற்கொள்வோர் எண்ணத்தக்கன ஐந்தென வகுத்த திருவள்ளுவர், அவற்றுள் கருவியையும் ஒன்றாக வைத்தார். கைப்பேசிச் செயலி இயற்றப் புகும் மாணவர்க்கு முதற்கண் எழும் ஐயமும் கருவி பற்றியதே. கட்டளைகளைத் தட்டெழுதிப் பணிகொள்வதோ? எழுதுதல், தொகுத்தல், பிழை காண்டல் யாவும் ஓரிடத்தே அமைந்த ஐ.டி.இ. என்னும் கருவிமனையை நாடுவதோ? இவ்வையத்தை யான் தீர்த்துக்கொண்ட வகையை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

எமதூராகிய நாரணாபுரம் சிவகாசியை அடுத்துள்ளது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்றுமே இப்பகுதியாரின் பிழைப்பு. என் தமையனார் காலண்டர்களுக்குத் தகரப் பட்டை பூட்டும் சிறு பட்டறை வைத்துள்ளார். ஆடிப் பதினெட்டையொட்டி அச்சகங்கள் வரும் ஆண்டிற்குரிய மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அதன்பின் வேலை குவியும். வந்த கட்டு, சென்ற கட்டு, அவரவர் கூலி ஆகியவற்றைக் குறிக்கச் செயலியொன்று செய்து தருமாறு அவர் என்னைப் பணித்தார். வீட்டுக் கணினியின் நினைவகமோ 4 ஜி.பி. அளவே. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிற்குக் குறைந்தது 8 ஜி.பி. வேண்டும். "வட்டிக்கு வாங்கியாவது புதியது எடுத்துத் தருகிறேன், தம்பி" என்றார் அவர். ஆகவே எமக்கு இது விருப்பம் பற்றிய வினாவன்று. கடன் பற்றிய வினா.

கலப்புச் செயலி என்பது வலைப்பக்கம் இயற்றும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்பவற்றால் எழுதப்பட்டு, வெப்வியூ என்னும் உறைக்குள் இயங்குவது. அவ்வுறையைத் தருவனவற்றுள் அப்பாச்சி கார்டோவா ஒன்று. அதனிடத்துத் திட்டத்தைத் தோற்றுவிக்க ஒரு கட்டளை, ஆண்ட்ராய்டைச் சேர்க்க ஒன்று, செயலியைக் கட்ட ஒன்று என மூன்றே பெரும்பாலும் போதும். ஆண்ட்ராய்டின் கட்டளை வரிக் கருவிகளையும் கருவிமனையின்றித் தனியே பெறலாம். உரைதிருத்தி யாதாயினும் ஆகுக. போலிக் கைப்பேசியைக் கணினியில் ஓட்டி நினைவகத்தை விழுங்கவிடாது, மெய்யான கைப்பேசியையே கம்பியாற் பிணைத்துக் குரோம் உலாவியின் வழியே பிழைகளைக் காணலாம்.

கருவிமனையின் நன்மைகளை மறைத்தல் முறையன்று. சொல்லைத் தொடங்குமுன் முடித்துக் காட்டும். பிழையுள்ள வரியை உடனே சுட்டும். ஜாவா, காட்லின் மொழிகளிற் புதிய இணைப்பு எழுதுவோர்க்கு அஃது இன்றியமையாத துணை. கப்பாசிட்டர் என்னும் பிற்காலத்து உறையோ ஆண்ட்ராய்டுத் திட்டத்தைக் கருவிமனையிற் றிறந்து பணிசெய்வதற்கும் இடந்தருவது. ஐபோனுக்குச் செய்வோர்க்கோ மேக் கணினியும் எக்ஸ்கோடும் வேண்டும். கட்டளை வரியால் அத்தேவை நீங்காது.

எனினும், கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. இன்டெல் எக்ஸ்.டி.கே. என்னும் கலப்புச் செயலிக் கருவிமனை 2017இல் நிறுத்தப்பட்டது. போன்கேப்பினை வளர்த்த நிடோபி நிறுவனத்தை 2011இல் வாங்கிய அடோபி, 2020இல் அதனைக் கைவிட்டது; தொலைவிலிருந்தே செயலி கட்டித்தந்த அதன் சேவையும் உடன் முடிந்தது. ஆயின் அதன் மூலநிரல் முன்னரே அப்பாச்சியிடம் அளிக்கப்பட்டுக் கார்டோவா என்னும் பெயரால் நின்றமையின், கட்டளையறிந்து தம் கோப்புகளைத் தாமே கட்டத் தெரிந்தோர்க்கு வழி அடைபடவில்லை.

இன்னுமொன்று. கருவிமனையிற் பொத்தானை அழுத்துங்காலும் உள்ளே செயலியைக் கட்டுவது கிரேடில் என்னும் அதே கருவிதான். பொத்தான் பழுதுற்றபோது, உள்ளே நிகழ்வது அறியாதான் திகைப்பான். அறிந்தானோ பிழைச்செய்தியைப் படித்துக் காரணம் தேடுவான். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றது தீப்பெட்டிகளை வாங்கி வருதற்கன்று. தொழிலைக் கற்று வருதற்கே.

இவையெல்லாம் எண்ணிக் கட்டளை வரியையே கொண்டேன். பழைய கணினியில் ஒருமுறை கட்டி முடிக்கச் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும், அவ்வளவே இடர். ஆடிக்கு முன்னரே செயலி பட்டறைக்குச் சென்றது. கடன் வாங்கப்படவில்லை.

ஆதலின், மாணவ நண்பர்காள், கைப்பொருள் சிறிதாயின் கட்டளை வரியிற் றொடங்குமின். பொருள் உளதாயினும் முதலிற் சின்னாள் அதனிற் பழகுமின். பின்னர்ப் பணி பெருகி, கருவிமனை வேண்டுமென அப்பணியே கேட்குங்கால், தயங்காது அதனுட் புகுமின்.