பெரியப்பாவின் பீங்கான்

பழைய தந்திக் கம்பத்துல கவுத்து வச்ச டம்ளர் மாதிரி வெள்ளையா ஒண்ணு இருக்குமே, ஞாபகம் இருக்கா மக்களே? பீங்கான் இன்சுலேட்டர். தபால் தந்தி இலாகாவில் லைன்மேனா இருந்த பெரியப்பா ஒண்ணை வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிருந்தார். தந்தியே 2013 ஜூலையோட நின்னு போச்சு. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார். பெரியம்மா அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாங்க.

போன மாசம் அண்ணன்கிட்டேர்ந்து (பெரியப்பா பையன்) போன். "டேய், ஒருத்தர் வந்து பார்த்தார்டா. கம்பெனி காலத்துப் பொருளாம், உள்ள இரிடியம் இருக்காம். டெஸ்ட் பண்ண முப்பதாயிரம் முன்பணம் கேக்குறார்."

கோயில் கலசத்துல இரிடியம்னு ஊரை ஏமாத்தினவங்க பீங்கானுக்கு வந்துட்டாங்க போல! பணத்தைக் கொடுத்துடாதேன்னு சொல்லிட்டு பஸ் பிடிச்சேன்.

ஈரத்துணியால துடைச்சதும் பச்சை எழுத்து தெரிஞ்சுது. புல்லர்ஸ், கீழே லண்டன், அதுக்கும் கீழே 19. மிச்ச ரெண்டு இலக்கம் இருந்த இடத்துல சில்லு பேந்திருக்கு (உபயம்: கதவு). லண்டன்னு போட்டிருக்கிறது ஆபீஸுக்காக. புல்லர்ஸ் பீங்கான் சுட்டது ஸ்டாஃபோர்ட்ஷயர்ல, ஸ்டோக் பக்கம் மில்டன்ல. மண்பாண்டத்துக்கே பேர் போன சீமை அது. வெட்ஜ்வுட் கூட அந்தப் பக்கம்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது உள்பக்கம். விரலை விட்டா திருகு மரை தட்டுப்படும். முன்னெல்லாம் பீங்கானை இரும்புத் தண்டோட சேர்த்துப் பூசிடுவாங்க. விரிசல் விட்டா தண்டோட மாத்தணும். கார்டோங்கிறவர் 1877ல் இந்தத் திருகு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் லைன்மேன் கம்பத்து மேலேயே பீங்கானை மட்டும் திருகி எடுத்து மாத்திக்கலாம். பெரியப்பா எத்தனை திருகியிருப்பாரோ! கம்பெனி ஆட்சியோ 1858லயே முடிஞ்சுது.

"அப்ப உள்ள இன்னொரு கிண்ணம் இருக்கே, அது எதுக்கு?"ன்னான் அண்ணன், விடாம. மழையில வெளிப்பக்கம் நனைஞ்சாலும் உள்ள காய்ஞ்சிருந்தாதான் மின்சாரம் கம்பத்துல கசியாது, அதுக்காக ரெண்டடுக்கு. பேந்த இடத்தைக் காட்டினேன். அடிவரைக்கும் வெள்ளை. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் சேர்த்துச் சுட்டது, அவ்வளவுதான்.

"கோடி இல்லையாடா?"

"சந்தையில போட்டா நூறோ இருநூறோ."

முகம் தொங்கிப் போச்சு. ஆனா புரோக்கருக்குப் போன் போட்டு வரவேணாம்னுட்டான்.

அதுவரைக்கும் வாயே திறக்காத பெரியம்மா, "கதவுக்கு வேற கல்லு பாருங்கடா"ன்னு சொல்லிட்டு அதை எடுத்துட்டுப் போய் பெரியப்பா படத்துக்குப் பக்கத்துல வச்சாங்க.