கித்துளும் பனையும்

மாணவர் கூடிக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. யப்பானியப் பல்கலைக்கழகங்களில் அதற்கு 'நோமிகாய்' என்றொரு பெயரே வழங்குகின்றது. அங்கே ஒருவன் தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொள்வது முறையன்று. அருகிருப்பவன் இவனுக்கு ஊற்றுவான். இவன் அவனுக்கு ஊற்றுவான். பிறநாட்டிலிருந்து கற்கச் சென்ற மாணவன் அவ்வரிசையில் முதன்முறை அமரும்போது, வகுப்பறை கற்பிக்காத பலவற்றை ஓரிரவிற் கற்றுவிடுகிறான். அதே நாட்டில், ஒரே மூச்சிற் குடிக்குமாறு 'இக்கி, இக்கி' என்று கூவித் தூண்டும் வழக்கம் 1980களில் மாணவரிடையே பரவி, சிலருடைய உயிரையும் குடித்தது. கிண்ணம் உறவுக்கும் கருவியாகும், வற்புறுத்தலுக்கும் கருவியாகும்.

நான் பிறநாட்டு மாணவனல்லன். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்கு வந்தவன். எனினும், பரீட்சை முடிந்த மறுநாள் சிங்கள நண்பர் மூவருடன் கலகெதரவுக்குப் புறப்பட்டபோது, என் நிலை ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. அரைகுறைச் சிங்களமும் அளவுக்கு மிஞ்சிய கூச்சமுமே என்னிடம் இருந்தன.

கண்டியிற் குருநாகல் பேருந்தில் ஏறினோம். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்த பின் வீதி மலைச்சரிவுகளில் வளைந்து செல்கின்றது. கலகெதர என்ற பெயரைப் பிரித்தால் 'கல்வீடு' என வரும். 1803இல் கொழும்பிலிருந்து கண்டியின்மீது படையெடுத்த ஆங்கிலேயர் இவ்விடத்துக் காவலரணைக் கைப்பற்றியே மேலேறினர். இவற்றையெல்லாம் எனக்கு விளக்கிவந்த நண்பன், இறங்குவதற்குச் சற்று முன், "தாத்தா கித்துள் சீவுகிறவர், இன்றைக்குப் புதுக்கள் உண்டு" என்றான். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் தந்தை. எவ்விதத் தயக்கமுமின்றி அவன் அதைச் சொன்ன விதம் என்னைத் திடுக்கிடச் செய்தது.

மாலையில் அவனுடைய தந்தையார் மரமேறுவதைப் பார்த்து நின்றோம். மரத்தோடு நீளக் கட்டியிருந்த கம்பில் மிதித்து அவர் ஏறினார். கித்துள் மரம் முதற்பாளையை உச்சியில் விட்டு, பின்னர் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிப் பூத்து வரும். கடைசிப் பாளையோடு அதன் வாழ்வு முடிந்துவிடும். நண்பர்கள் அவருடைய துணிவை வியந்தனர். நானோ அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாளையின் நுனியை மெல்லியதாய்ச் சீவும்போது மணிக்கட்டு திரும்பும் அந்தத் திருப்பம் எனக்குப் புதியதன்று.

அவர் இறங்கி வந்து முட்டிகள் இரண்டை நிலத்தில் வைத்தார். என்னையறியாமல் என் வாய் கேட்டுவிட்டது: "மாமா, முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவதில்லையா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புளியாதிருக்கச் சுண்ணாம்பு இடுவதில்லை என்றும், 'ஹல்' மரத்தின் பட்டையை இடுவதாகவும் சொன்னார். பட்டையிட்ட முட்டியிலிருந்தது 'தெலிஜ்ஜ'. அதாவது, நாம் கருப்பநீர் என்பது. பாணியும் கருப்பட்டியும் அதிலிருந்தே வருவன. மற்றைய முட்டியிலிருந்தது கள். பின்னர் அவர் கேட்டார்: "மகன், உனக்கு இந்தத் தொழில் எப்படித் தெரியும்?"

இந்த வினாவுக்கு அஞ்சியே நான் வளர்ந்தேன். எங்கள் பாட்டனார் காலில் தளைநாரும் இடையிற் பாளைக்கத்தியுமாகப் பனையேறியவர். என் தந்தையார் சிறுவயதில் அவருக்கு முட்டி சுமந்தவர்; படித்து உத்தியோகம் பெற்றபின் ஊரைவிட்டு நீங்கி, கள்ளின் வாடையே அண்டாத வீடொன்றைக் கட்டினார். யாழ்ப்பாணத்தில் ஒருவனுடைய சாதியை நேரே கேட்பது அரிது. "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?" என்றே கேட்பார்கள். விடுதியில் என்னோடு ஒரே தட்டில் உண்ட தமிழ் நண்பர்களும் முதலாண்டில் அப்படித்தான் கேட்டார்கள். "அப்பப்பா கமம் செய்தவர்" என்று சொல்லித் தப்பினேன். சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இல் வந்தது. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968இல் நிகழ்ந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' வெளிவந்தும் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இவற்றையெல்லாம் விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெற்றவன் நான். ஆயினும், கமம் என்ற அந்தப் பொய்யை மட்டும் விடவில்லை.

அன்று பதற்றத்திற் சிங்களமும் தமிழும் குழம்ப, "மகே தாத்தா பனையேறினார்" என்றேன். 'சீயா' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் என் தந்தையைக் குறிப்பதாகவே விளங்கிக்கொண்டனர். திருத்தலாமென்று வாயெடுத்தேன். தந்தையல்ல, பாட்டன் என்று சொல்வதனால் எதை நான் ஒரு தலைமுறை தள்ளி வைக்கப் பார்க்கிறேன் என்ற நினைவு குறுக்கிட்டது. வாளாவிருந்தேன். அவர் தலையசைத்து, ஒரு சிரட்டையைத் துடைத்து, கள்ளை வார்த்து முதலில் எனக்கு நீட்டினார்.

அதுவரை நான் கள் குடித்தவனல்லன். வேண்டாமென்றிருந்தால் அங்கே எவரும் வற்புறுத்தியிருக்கமாட்டார்கள். ஆனால், வாங்கிக் குடித்தேன். புளிப்பும் மெல்லிய இனிப்பும் கலந்திருந்தது. போதை ஏறவில்லை, கண்கள்தாம் நனைந்தன. புகையென்று சொல்லிச் சமாளித்தேன்.

இரவு விறாந்தையிற் பாய்விரித்துப் படுத்தோம். மற்றவர்கள் உறங்கியபின் நண்பன் தாழ்ந்த குரலில், "மச்சான், பள்ளிக்கூடத்தில் என்னை 'ஹக்குரு' என்று கூப்பிட்டார்கள், ஆசிரியரிடம் முறையிட்டேன், இனிப்பான பெயர்தானே என்று சிரித்தார்" என்றான். ஹக்குரு என்றால் கருப்பட்டி. கருப்பட்டி காய்ச்சுவோரை இழித்துரைக்கும் சாதிப்பெயரும் அதுவே. பேருந்தில் நான் கண்டு வியந்த அந்தத் தயக்கமின்மை அவனுக்கு இயல்பாக வாய்த்ததன்று. பல ஆண்டுகள் முயன்று பெற்றதென்பது அப்போதுதான் விளங்கிற்று.

காலையில் அவனுடைய தாயார் வெறுந்தேநீரும் கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டும் தந்தார். கண்டிக்குத் திரும்பியதும் அப்பாவுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். கள் குடித்ததையும் மறைக்கவில்லை. நெடுநேரம் மறுமுனையில் ஒலியே இல்லை. சினந்துவிட்டார் என்றே எண்ணினேன். பின்னர், "அவர் தளைநார் போட்டோ ஏறினவர்?" என்று கேட்டார். இல்லை, கம்பு கட்டி என்றேன். "அப்பு தளைநாரோடு ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவார் தெரியுமோ?" என்று தொடங்கினார். என் தந்தை தம் தந்தையைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதன்முறை.

என்னைத் தமிழிற் கேட்டபோது சொல்லத் துணியாததை, பிறர் மொழியிற் பிழையாகச் சொன்னேன். அம்மொழியில் அச்சொற்கள் என்னைச் சுடவில்லை. அதே சொற்கள் என் நண்பனைச் சுட்டிருந்தன. எனவே, அக்குறை எம்மொழிக்கு மட்டும் உரியதன்று. ஆயினும், பிறர் வீட்டில் உண்மை சொல்லித் தன் வீட்டிற் பொய்யோடிருப்பது முறையாகாது. ஆதலால் இதனைத் தமிழில், என்னை அறிந்தோர் படிக்கும் இவ்விதழில் எழுதுகிறேன். அப்பப்பா கமம் செய்தவரல்லர், பனையேறியவர்.